குருசடி விளக்குக்கு நேர் மேலே

பேயைப் பார்த்ததாகச் சொல்கிறவர்களில் ஒருவருக்குக்கூடத் தேதி தெரிவதில்லை. எங்கள் எஸ்டேட்டின் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் எரிச்சலூட்டியது இதுதான். வெளிச்சம் ஒன்று ராத்திரியில் அங்கே அலைகிறது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எந்த ராத்திரி, எத்தனை மணி, எங்கிருந்து எதுவரை என்று கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நான் துணை மின்நிலையத்தில் வேலை பார்த்தவன். மணிக்கொரு முறை மீட்டர்களைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவதுதான் என் வேலை. சித்திரபுரம் குவார்ட்டர்ஸில் பல வருடம் குடியிருந்து, ஓய்வு பெற்ற பிறகு என் அப்பாவும் அம்மாவும் ஏலக்காய் எடுத்த இந்த எஸ்டேட்டின் அடிவாரத்துக்கே, உடும்பஞ்சோலைப் பக்கம், திரும்பி வந்துவிட்டேன். மீட்டர் இல்லாவிட்டாலும் எழுதும் பழக்கம் போகவில்லை. மழை பெய்த நாள், யானை இறங்கிய நாள், லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறப்பு, இறப்பு எல்லாம் என் நோட்டில் இருக்கும். அந்த வரிசையில் பேயையும் ஒழுங்காக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

ரேஷன் கடை எதிரே டீக்கடை வைத்திருப்பவர்தான் முக்கியமான சாட்சி என்றார்கள். நோட்டோடு போய் உட்கார்ந்தேன்.

"அது பெரிய காய் எடுப்பு முடிஞ்ச சமயம் சாரே."

"எந்த வருஷம்?"

"எங்க மச்சினன் ஆட்டோ வாங்குனான்ல, அந்த வருஷம்."

"அவர் எப்ப வாங்குனாரு?"

"அத அவங்கிட்டதான் கேக்கணும். அவன் திருப்பூருக்குப் போயிட்டானே."

"சரி, நீங்க என்ன பாத்தீங்க?"

"நான் எங்க பாத்தேன்? மச்சினன்தான பாத்தான்."

இப்படியே ஒன்பது பேர். ஒன்பது பேரும் வேறு யாரோ பார்த்ததைச் சொன்னவர்கள். அன்றிரவு நோட்டை மூடிவிட்டு என் மனைவியிடம், நானே போய் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றேன். அவள் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையோரம் பிறந்தவள். இத்தனை வருடம் மலையில் இருந்தும் அவள் பேச்சு மாறவில்லை.

"ஏனுங்க, ஊட்டுல இருக்கறவளோட நாலு வார்த்த பேச நேரமில்ல. பேயோட பேசறதுக்குப் போறீங்களாக்கும்?"

"பேசப் போகல. பாக்கத்தான்."

"பாத்தா எம்பட பேரையும் சொல்லி வைங்க."

ஐப்பசி பிறந்து முதல் வாரம் அது. ரேஷன் கடைச் சுவரில் மலையாளத்திலும் தமிழிலும் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். எஸ்டேட் கைமாறியிருந்தது. கல்லறைச் சரிவில் புதிதாக ஏலச்செடி வைக்கப் போகிறார்கள். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள், அதாவது நவம்பர் ஒன்றாம் தேதிக்குள், கல்லோ சிலுவையோ நட்டு, ஆபீஸ் பட்டியலில் பெயரும் பதிந்த குழிகளைச் சுற்றி வேலி போட்டு விட்டுவிடுவார்கள். மற்ற இடத்தில் நாற்றுக்குக் குழி வெட்டுவார்கள். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று பட்டியல் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது என் கவனமெல்லாம் பேய் மேல்.

எட்டு இரவு போனேன். ஏழு மணிக்கு ஏறுவேன், பத்து மணிக்கு இறங்குவேன். ஐப்பசியில் அந்தச் சரிவில் என்ன இருக்கும் என்பதைப் பதிவு செய்யத்தான் வேண்டும் என்றால், மூடுபனி இருக்கும், அட்டை இருக்கும், உண்ணிச்செடி இருக்கும். பன்றிகள் கிளறிப் போட்ட மண் இருக்கும். மரச்சிலுவை ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. மேடு எது, பன்றி கிளறியது எது என்று பகலிலேயே சொல்ல முடியாது. டார்ச்சை அடித்து அடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். எட்டு இரவுக்கும் பேயைப் பற்றி என் நோட்டில் இருப்பது ஒரே வரி: ஒன்றுமில்லை.

ஒன்பதாம் நாள் காலை டீக்கடைக்காரர் என்னைத் தூரத்திலிருந்தே கூப்பிட்டார்.

"சாரே, எழுதிக்கங்க! இப்ப நானே பாத்தேன். என் ரெண்டு கண்ணால. போன வியாழக்கெழம, ராத்திரி ஒம்பதே கால்."

நோட்டைப் பிரித்தேன். நேரில் பார்த்த சாட்சி, கிழமை, மணி, எல்லாம் ஒன்றாக.

"கொய்யா மரத்துக்கிட்ட நின்னுச்சு. பெறகு குனிஞ்சு குனிஞ்சு மேல ஏறுச்சு. நடுவுல ஒரு தடவ குதிச்சுச்சு பாருங்க, எனக்கு டம்ளரு கைய விட்டுப் போச்சு."

எழுதிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து என் நோட்டோடு ஒப்பிட்டேன். வியாழக்கிழமைக்கு எதிரே என் கையெழுத்தில் இருந்தது: 'இரவு 9.15. கொய்யா மரத்தடியில் அட்டை கடித்தது. காலை உதறினேன்.'

விசாரிக்கப் போனவனே விசாரணைப் பொருள் ஆகிவிட்டேன். மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஊரில் அந்த வாரம் பேய்க்கதை இரண்டு மடங்கானதற்கு நான்தான் காரணம். அதைத் திருத்திச் சொன்னால் நம்ப ஆளில்லை. "சாரு பயந்துட்டாரு, அதான் இப்படிப் பேசறாரு" என்றார்கள்.

அன்றோடு விட்டிருப்பேன். ஆனால் டீக்கடைக்காரரின் மச்சினன் பார்த்த வருடம் நான் இந்த ஊரிலேயே இல்லை. அப்போது அலைந்தது என் டார்ச் அல்ல. அதனால் ஒன்பதாவது முறையாகப் போனேன். பாதி வழியில் டார்ச் செத்துவிட்டது. முந்தின நாள் சார்ஜ் போட மறந்திருந்தேன். என்னையே திட்டிக்கொண்டு கொய்யா மரத்தடியில் இருட்டில் உட்கார்ந்தேன்.

அரைமணி கழித்து மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெளிச்சம் வந்தது. பொத்திப் பிடித்த கையளவு வெளிச்சம். பத்தடி ஏறும், நிற்கும், அணையும். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வேறு இடத்தில் எரியும், நாலடி இறங்கும், மறுபடி அணையும். எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஆனாலும் மணி பார்த்தேன். எட்டு நாற்பது. கடைசியில் அது எனக்குப் பத்தடி தள்ளி நின்று இருமியது.

"யாரது ஒக்காந்திருக்கது? கரண்டாபீஸ் தம்பியா?"

மூன்றாம் லயத்து அக்கா. நாற்பது வருடம் காய் எடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். கையில் பட்டன் போன், அதன் வெளிச்சத்தைச் சேலை முந்தானையால் பொத்தியிருந்தார்.

"அக்கா, நீங்களா?"

"பின்ன பேயா? எட்டு நாளா அந்த டார்ச்ச அடிச்சு அடிச்சு என் கண்ணக் கெடுத்துப்புட்டீகளே. இன்னைக்கு ஒருநா இல்லையேன்னு சந்தோசமா வந்தா, இருட்டுல ஒக்காந்து பயங்காட்டுறீக. என்னத்தத் தொலைச்சீக இங்க?"

"பேய் இருக்கான்னு பாக்க வந்தேன்."

"ரிட்டயரு ஆனா இப்படித்தான் ஆகும்போல" என்று சொல்லி அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவர் தேடிக்கொண்டிருந்தது அவர் கணவரின் குழியை. நெஞ்சுச் சளி முற்றிக் கீழே தேனியில் ஆஸ்பத்திரியில் இறந்தவரை ஜீப்பில் ஏற்றி இங்கே கொண்டுவரும்போது இருட்டிவிட்டது. பெட்ரோமாக்ஸ் வைத்து அடக்கம் செய்தார்கள். பிறகு வருடாவருடம் அவர் போனதும் இருட்டில்தான். பகலில் பேர் விழ வேண்டும். எஸ்டேட்டில் ஒரு நாள் வேலைக்கு வந்ததாகப் பதிவதைப் பேர் போடுவது என்போம். கல்லறைக்குப் போகிறேன் என்றால் யார் பேர் போடுவார்கள்? அதனால் வேலை முடிந்து, குளித்து, சோறாக்கிவிட்டு, இருட்டிய பிறகு மெழுகுவத்தியோடு போவார்கள். அவர் மட்டுமல்ல, அந்தக் காலத்து ஆட்கள் எல்லோரும். ஆகவே இந்தக் கல்லறையின் அடையாளம் எதுவும் மரமோ கல்லோ அல்ல. எல்லாம் ராத்திரி அடையாளம், விளக்கு அடையாளம்.

"எங்க வீட்டுக்காரரு தலமாட்டுல நின்னா, ஸ்டோர் லைட்டு குருசடி லைட்டுக்கு நேர் மேல நிக்கும். சோத்து மேல அப்பளம் வச்ச மாதிரி. அப்படியே திரும்பிப் பாத்தா, பாற ஓரத்துல போடி லைட்டு ஒண்ணே ஒண்ணு எட்டிப் பாக்கும். ஒரு எட்டு கீழ எறங்குனா அது மறைஞ்சிரும்."

எனக்குப் புரிந்துவிட்டது. எதிர்மலையில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர். அதற்குக் கீழே சாலை முக்கில் குருசடி, சிலுவை வைத்த சின்ன மாடம். இரண்டு விளக்கும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் இடங்களைச் சேர்த்தால் சரிவில் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில் எந்த இடம் என்பதைக் கிழக்கே பாறையோரம் தெரியும் விளக்கு, கீழே சமவெளியில் இருக்கும் போடி ஊரின் விளக்கு, சொல்லும். ஒரு சர்வேயருக்குக்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்ல வராது.

ஆனால் ஸ்டோரை மூடிவிட்டார்கள். மூன்று வருடமாக அங்கே விளக்கு இல்லை. அன்றிலிருந்து அக்கா தேடுகிறார். எங்கே நின்று பார்த்தாலும் குருசடி விளக்குக்கு மேலே இருட்டுதான்.

"பகல்ல வந்து யார்கிட்டயாவது கேக்கலாமே அக்கா?"

"அவுகளுக்கும் லைட்டுதான தெரியும்? ராத்திரியில தோட்டத்துக்குள்ள ஆளு நின்னா காய்க் களவுன்னு பிடிப்பாக. அதான் யாருட்டயும் சொல்லல. பேயின்னு பேசிக்கிட்டாக. சரி, பேசட்டும்னு விட்டுட்டேன்." முந்தானையைப் போன் மேல் இழுத்துவிட்டு, "கல்லு கொத்தி வீட்டுல வச்சிருக்கேன் தம்பி. எங்க நடன்னுதான் தெரியல. நட்டா மிஞ்சுவாரு. இல்லன்னா அவரு மேல ஏலம் வச்சிருவாக" என்றார்.

கெடு முடிய அப்போது ஐந்து இரவுதான் இருந்தது.

வேலை சுலபம் என்று நினைத்தேன். ஸ்டோரின் முகட்டுக்கு நேர் கீழே, மாடிக் கதவுப் படியில், என் மனைவி எமர்ஜென்சி விளக்கோடு நிற்க வேண்டும். பழைய விளக்கும் அதே முகட்டில்தான் தொங்கியது. நானும் அக்காவும் சரிவில் நடந்து இரண்டு விளக்கும் நேராகும் கோட்டைப் பிடிக்க வேண்டும். ஒரு இரவு போதும்.

முதல் இரவு மூடுபனி. என் மனைவி ஒன்றரை மணி நேரம் விளக்கைப் பிடித்து நின்றாள். நாங்கள் குருசடியைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் இரவும் அதே கதை, கூடவே மழை. மூன்றாம் இரவு வானம் துடைத்தாற்போல் இருந்தது. ஸ்டோர் மாடியில் என் மனைவியின் விளக்கு நட்சத்திரம் மாதிரி தெரிந்தது. குருசடி இருட்டாக இருந்தது. மரம் ஒன்று லைனில் விழுந்து கரண்ட் போயிருந்தது.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏந்தம்பி, நீங்க கரண்டாபீஸ்தான?"

"ரிட்டயர் ஆயிட்டேன்க்கா."

"அது சரி. இருந்தப்ப மட்டும் நிப்பாட்டாமயா இருந்தீக?"

வாழ்நாள் முழுக்க நான் எழுதிய மின்தடைகளில் எதுவும் என்னை இந்த அளவுக்குக் கோபப்படுத்தியதில்லை. 'இரவு 7.50 முதல் 10.20 வரை' என்று நோட்டில் எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. நாலாம் இரவு மறுபடி மூடுபனி.

அக்டோபர் கடைசி இரவுதான் எங்களுக்குக் கிடைத்தது. ஏழரைக்குக் கரண்ட் இருந்தது, பனி இல்லை. அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். ஸ்டோர் விளக்கு குருசடி விளக்குக்கு இடப்பக்கம் இருந்தது, நெருங்கியது, மேலே ஏறி நின்றது. அவர் நின்றுவிட்டார்.

"இதான். இந்த வரிசைதான். மூணு வருசமாச்சு பாத்து."

நான் ஒரு குச்சியை நட்டேன். கோட்டைப் பிடித்தபடி மேலே நடந்தோம், கீழே நடந்தோம். தட்டிப் பார்த்தால் கெட்டித்த மண், ஓரத்தில் கல் அடுக்கு. சந்தேகமில்லாத மேடுகள் அந்தக் கோட்டில் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு மேல் ஒன்றாக, நடுவில் எட்டடி. இனிப் போடி விளக்கு சொல்ல வேண்டும். கிழக்கே திரும்பினோம்.

பாறையோரத்தில் ஒரு விளக்கு எட்டிப் பார்க்கவில்லை. நூறு விளக்கு எட்டிப் பார்த்தன. கீழே ஊர் வளர்ந்து, மலையடி வரைக்கும் வெளிச்சம் வந்துவிட்டது. மேல் மேட்டில் நின்றாலும் தெரிந்தது. கீழ் மேட்டில் நின்றாலும் தெரிந்தது. உட்கார்ந்து பார்த்தேன், படுத்துப் பார்த்தேன். எதுவும் மறையவில்லை.

"அந்த ஒத்த லைட்டு எது தம்பி, இதுல?"

நூறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எத்தனையோ வருடத்து வோல்டேஜ் என் கையெழுத்தில் எங்கோ ஒரு அலமாரியில் இருக்கிறது. பாறையோரத்தில் ஒரே ஒரு விளக்கு தெரிந்த காலத்தில் அது எந்த விளக்கு என்று எழுதி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் நாலரை மணிக்குப் பட்டியலோடு சரிவில் நின்றோம். சூப்பர்வைசர் தொடுபுழைக்காரர், சின்ன வயது. கெட்டவரல்ல, மணி பார்க்கிறவர். அந்த அளவில் எனக்கு அவரைப் பிடிக்கும்.

"ரெண்டையும் என் பேருல எழுதுங்க சாரே" என்றார் அக்கா.

"அது பற்றில்ல, முடியாது அம்மச்சி. ஒரு வீட்டுக்கு ஒரு குழி. ஒரு ஆளு ரெண்டு எடத்துல எப்படிக் கெடக்கும்?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீங்கதான எல்லாத்தையும் எழுதி வைக்கிறவரு. நீங்க சொல்லுங்க. மேலதா, கீழதா?"

"எனக்குத் தெரியலக்கா."

"ஒரு மதிப்பாச் சொல்லுங்க."

"மதிப்பாச் சொல்ல மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. கோபம் அவர் மேல் இல்லை.

அவர் இரண்டு மேட்டையும் பார்த்தார். பிறகு குனிந்து கீழ் மேட்டின் மண்ணைக் கிள்ளி விரலில் நசுக்கினார். "கீழதுல தண்ணி நிக்குது. அவருக்கு நெஞ்சுல சளி, ஈரம் ஆகாது. மேலதையே எழுதுங்க."

எழுதினேன். பெயர், வருடம், உறவு: கணவர். அக்காவின் மகன் கல்லைச் சுமந்து வந்து மேல் மேட்டில் நட்டான். சூப்பர்வைசர் பேனாவை மூடினார். ஐந்து மணிக்கு நாலு நிமிடம் இருந்தது. அக்கா கல்லைப் பார்க்கவில்லை, எட்டடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நாளை மறுநாள் நாற்றுக்குக் குழி வெட்டுவார்கள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்" என்றேன். "கீழ் மேடு. அது எங்க வீட்டு ஆளு."

"யாரு?"

"சித்தப்பா."

எனக்குச் சித்தப்பாவே கிடையாது. என் அப்பா ஒற்றைப் பிள்ளை. பட்டியலில் அடுத்த வரியில் என் பெயரையும் உறவையும் எழுதிவிட்டு, வருடம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒரு வருடத்தையும் பொய்யாக எழுத என் கை போகவில்லை. டீக்கடைக்காரர் சொல்லி எனக்கு எரிச்சலூட்டிய அதே பதிலைத்தான் எழுதினேன்: வருடம் தெரியாது. அடையாளத்துக்கு, ஓரத்து அடுக்கிலிருந்து பெரிய கல்லாக ஒன்றைப் பெயர்த்து நிறுத்தினேன். சூப்பர்வைசர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பக்கத்தின் நகல் என் நோட்டுக்குள் இருக்கிறது. எப்போது திறந்தாலும் உறுத்துகிறது. ஒரு வரி பொய். மற்ற வரி உண்மையா என்று தெரியாது. கீழ் மேட்டில் இருப்பது யாருடைய ஆள் என்று விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எல்லோரும் ஏதோ விளக்கைச் சொல்கிறார்கள். அந்த விளக்குகள் எதுவும் இப்போது இல்லை.

பட்டியல் எழுதிய மறுநாள் கல்லறைத் திருநாள். பகலிலேயே பங்குச் சாமியார் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். அக்கா பகலில் வரவில்லை. இருட்டியதும்தான் வந்தார், பழக்கம் அது. மேல் மேட்டில் ஒரு மெழுகுவத்தியை நட்டுக் கொளுத்தினார், முழங்காலிட்டார். பிறகு கீழே இறங்கி வந்து இன்னொன்றை நட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவரே கொளுத்துவார் என்று நான் காத்து நின்றேன்.

"என்ன பாக்கீக? ஒங்க சித்தப்பாவுக்கு நீங்கதான பத்த வைக்கணும்?" என்று தீப்பெட்டியை நீட்டினார்.

பெட்டி பனியில் நமத்திருந்தது. ஒரு குச்சியும் பிடிக்கவில்லை. அக்கா மேலே போய்த் தன் மெழுகுவத்தியைப் பிடுங்கி, கையால் பொத்தி, எட்டடி இறங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். டீக்கடை வாசலில் நின்று யாரோ இதைப் பார்த்திருப்பார்கள்.